ஒருவர் முகம், நூற்றுவர் உழைப்பு

"மேனாட்டுச் சங்கீதத்தைப் பற்றி முற்போக்கு ஏடொன்று எழுதத்தான் வேண்டுமா? அதிலும், ருஷியப் பிரபு குடும்பமொன்றிற் பிறந்து, புரட்சி கண்டு நாட்டை விட்டகன்று, அமெரிக்காவில் வீடு வாங்கி அங்கேயே மடிந்த ஒருவரின் சங்கீதத்தைப் பற்றி?" இக்கேள்வியை எழுப்பும் நண்பர்கள் நம்மிடையே உளர். கேள்வி நேர்மையானதே. ஆனால் கேள்விக்குள்ளேயே பொதிந்து கிடக்கும் விடையை நாம் ஏற்பதற்கில்லை. இவ்விசை நிலப்பிரபுவின் இசை, ஆகவே நமக்கு உரியதன்று என்பதே அவ்விடை. அதனை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

2023ஆம் ஆண்டு செர்கேய் ரக்மானினோவ் பிறந்து 150 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு. அவ்வாண்டில் வெளிவந்த இசைப்பதிவுகளுள் மிகுந்த விளம்பரத்துடன் வந்தது ஒன்று. ரக்மானினோவின் நான்கு பியானோக் கொன்சேர்ட்டோக்களையும், பகனீனியின் மெட்டொன்றின்மீது அவர் இயற்றிய ராப்சடியையும் சீனத்திற் பிறந்த பியானோக் கலைஞர் யூஜா வாங் வாசிக்க, லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு உடன் இசைக்க, கஸ்தாவோ துடமேல் நெறிப்படுத்தினார். 2023 பெப்ரவரியில் வால்ட் டிஸ்னி மண்டபத்திற் சபையோர் முன்னிலையில் நிகழ்ந்த கச்சேரிகளிலிருந்து இப்பதிவு எடுக்கப்பட்டது. டொயிச்ச கிராமபோன் கம்பனி அதே ஆண்டில் அதனை வெளியிட்டது.

இதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஜனவரி 28ஆந் திகதி, இதே கலைஞர் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் பிலடெல்பியா வாத்தியக் குழுவினருடன் இந்த ஐந்து படைப்புகளையும் ஒரே நாளில், ஒரே அமர்வில் வாசித்து முடித்தார். ஏறத்தாழ இரண்டரை மணி நேர இசை. இதனைப் பத்திரிகைகள் எங்ஙனம் வருணித்தன? நெடுந்தூர ஓட்டப்பந்தயம் என்றன, மலையேற்றம் என்றன. வாசித்தவருக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியொன்றும் அணிவிக்கப்பட்டது. எந்தப் பகுதியில் எத்தனை துடிப்பு என்ற கணக்குப் பின்னர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

ஓர் இசைப்படைப்பு மனித நெஞ்சை என்ன செய்கின்றது என்று கேட்பதற்குப் பதிலாக, வாசிப்பவரின் நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கின்றது என்று எண்ணத் தொடங்கிவிட்டோம். குதிரைப் பந்தயத்திற் குதிரைக்குச் செய்வதைக் கலைஞருக்குச் செய்வது கௌரவமாகிவிட்டது. கலைஞரை நாம் குறை கூறவில்லை. அவருடைய ஆற்றல் மெய்யானது. பல்லாண்டு உழைப்பாற் பெற்றது. அந்த ஆற்றலைச் சந்தை எப்படிக் கட்டி விற்கின்றது என்பதிலேதான் எமது வழக்குத் தொடங்குகின்றது.

வழக்கில் எதிர்த்தரப்பினர் இருவர். ஒருவர், இவ்விசையைத் தனியொருவரின் வீரப் பிரதாபமாக ஆக்கி விற்கும் வணிகர். மற்றவர், இவ்விசையை மாண்டுபோன வர்க்கத்தின் புலம்பல் என்று ஒதுக்கும் எம்மவரில் ஒரு சாரார். பார்வைக்கு இவ்விருவரும் எதிரிகள். ஆனால் ஒரு விடயத்தில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்: இந்த இசை உடையவர்க்கே உரியது என்பதை இருவரும் ஒப்புக்கொள்கின்றனர். வணிகர் பூட்டிவைத்த கதவை எம்மவர் வெளிப்புறமாகவும் தாழிடுகின்றனர்.

முதலில் இசையையே கேட்போம்.

கொன்சேர்ட்டோ என்பது தனி வாத்தியமொன்றும் பெரிய வாத்தியக் குழுவொன்றும் எதிர்நின்றும் இணைந்தும் நடத்தும் உரையாடல். ரக்மானினோவின் இரண்டாவது கொன்சேர்ட்டோ அவற்றுள் உலகறிந்தது. 1897இல் அவருடைய முதலாவது சிம்பொனி பீற்றர்ஸ்பேர்க்கில் அரங்கேறிப் படுதோல்வியுற்றது. அதன்பின் பெரும்படைப்பு எதையும் எழுத இயலாதவராய் அவர் மனஞ்சோர்ந்து கிடந்தார். நிக்கொலாய் டால் என்ற மருத்துவர் 1900ஆம் ஆண்டில் அவருக்குச் சிகிச்சை அளித்தார். மீண்டெழுந்து எழுதிய இப்படைப்பு 1901இல் மொஸ்கோவில் முழுமையாக அரங்கேறிற்று. அம்மருத்துவருக்கே காணிக்கையும் ஆக்கப்பட்டது.

அதன் தொடக்கத்தைக் கவனியுங்கள். பியானோ தனித்து, தொலைவிலே பெருமணி அடிப்பதுபோல, மெதுவாகத் தொடங்கி வரவர உரத்து, கனத்த சுரக்கூட்டுகளை ஒலிக்கின்றது. 'இதோ, நாயகர் வந்துவிட்டார், இனி நாயகர் பாடுவார்' என்று சபை எதிர்பார்க்கின்றது. ஆனால் பாட்டைப் பாடுவது நாயகர் அல்லர். வயலின்களும் வியோலாக்களும் கிளாரினெற்றும் சேர்ந்து அந்த நெடிய, கனத்த மெட்டைப் பாடுகின்றன. பியானோவோ அலையலையாகச் சுரங்களை எழுப்பி அவற்றுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கின்றது! உலகத்தின் புகழ்பெற்ற பியானோக் கொன்சேர்ட்டோவின் முதன்மை மெட்டு பியானோவிற் பிறக்கவில்லை, குழுவிற் பிறக்கின்றது.

இரண்டாம் பகுதியும் அவ்வாறே. தந்தி வாத்தியங்கள் ஒலியடக்கி இசைத்துப் பாதை அமைக்கின்றன. பியானோ அமைதியான சுரக்கோலமொன்றை நெய்யத் தொடங்குகின்றது. அதன்மேல் முதலிற் பாடுவது புல்லாங்குழல்; அடுத்துப் பாடுவது கிளாரினெற். அவை பாடி முடிந்த பின்னரே பியானோவுக்குப் பாடும் முறை வருகின்றது. அப்போது முன்னர் அது செய்த வேலையைக் குழு ஏற்றுக்கொள்கின்றது. ஒருவர் பாட ஒருவர் தாங்குவதும், பின் தாங்கியவர் பாடப் பாடியவர் தாங்குவதுமாக இப்பகுதி நடக்கின்றது.

1909இல் இயற்றப்பட்ட மூன்றாவது கொன்சேர்ட்டோவை எடுத்துக்கொள்வோம். பியானோக் கலைஞர்களுக்கு மிகக் கடினமான சோதனை என்று பெயர்பெற்றது. 1996இல் வெளிவந்த 'ஷைன்' என்ற திரைப்படத்தின்பின், வாசிப்பவரைப் பித்தராக்கும் படைப்பு என்ற கட்டுக்கதையும் சேர்ந்துகொண்டது. ஆனால் அது தொடங்கும் மெட்டு, ஒரு குழந்தையின் விரல்களும் தொடக்கூடிய எளிய ஒற்றை மெட்டு. சிறிது நேரத்தில் அதே மெட்டு வியோலாக்களுக்கும் ஹோர்னுக்கும் கைமாறுகின்றது. பியானோ அதனைச் சுற்றி ஓடுகின்றது. முதற்பகுதியின் பிற்பாதியில் கடென்சா எனப்படும் தனி ஆவர்த்தனம் வருகின்றது. குழு முழுதும் வாய்மூடி நிற்க, தனிக்கலைஞர் தம் திறமை அனைத்தையும் காட்டுவதற்கென்றே மரபு ஒதுக்கிய இடம் அது. அந்த இடத்திற்கூட ரக்மானினோவ் அவரைத் தனியே விடவில்லை. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற், ஹோர்ன் என்று ஒவ்வொன்றாக வந்து அந்தத் தொடக்க மெட்டை நினைவூட்டிப் போகின்றன.

தனிவீரன் ஒருவனைப் பற்றிய கற்பனையை இப்படைப்புகள் தம் கட்டமைப்பினாலேயே மறுக்கின்றன. விளம்பரம் சொல்வது ஒன்று; சுரங்கள் சொல்வது வேறொன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் பதிவை முழுதும் கேட்டபோது, எம்மைப் பிடித்து நிறுத்தியவை மின்னல்வேக விரலோட்டங்கள் அல்ல. இரண்டாவது கொன்சேர்ட்டோவின் நடுப்பகுதியிற் பியானோ அடங்கி நிற்க, மரவாத்தியக்காரர் ஒருவர் மூச்சடக்கிப் பாடும் அந்தச் சில நிமிடங்களே எம்மை நிறுத்தின. அந்த அடக்கத்தை அறிந்து வாசித்தமைக்காக யூஜா வாங்கைப் பாராட்டுகின்றோம். விளம்பரக்காரர் பாராட்டுவது வேறெதையோ! இணையத்தில் இப்பதிவைத் தேடுவோர் கண்ணிற் படும் பெயர்கள் மூன்று: தனிக்கலைஞர், நெறியாளர், குழு. மூச்சடக்கிப் பாடியவர் யார் என்பதை அப்பட்டியல் சொல்வதில்லை.

"பெயரில் என்ன இருக்கின்றது?" என்று கேட்கலாம். சம்பளம் இருக்கின்றது. வரலாறு இருக்கின்றது.

ரக்மானினோவே பியானோ வாசிக்க, ஸ்டொக்கோவ்ஸ்கி நெறிப்படுத்த, பிலடெல்பியா வாத்தியக் குழு 1929இல் இரண்டாவது கொன்சேர்ட்டோவை இசைத்தட்டிற் பதித்தது. 1939-40இல் ஓமண்டியின் நெறியாள்கையில் மூன்றாவதையும் அதே குழு பதித்தது. இசைத்தட்டு பெருகப் பெருக, ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. வாத்தியக்காரர் ஒரு நாள் வாசித்து ஒரு நாட் கூலி பெற்றார். அவருடைய ஒலியோ வானொலியிலும் உணவு விடுதிகளிலும் ஆண்டாண்டாக ஒலித்து, அங்கெல்லாம் நேரில் வாசித்துப் பிழைத்த சக வாத்தியக்காரரின் வயிற்றில் அடித்தது. தொழிலாளியின் உழைப்பே அவனுக்கு எதிரியாக வந்து நிற்கும் நிலை இதுவேயன்றோ?

இதனை எதிர்த்து, ஜேம்ஸ் பெற்றில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் 1942 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் இசைத்தட்டுக்கு வாசிப்பதை நிறுத்தியது. விற்கும் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் ஒரு சிறு பங்கு வாத்தியக்காரரின் நிதிக்குச் சேரவேண்டும் என்பது கோரிக்கை. பெரிய கம்பனிகளான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை பணியவில்லை, பின்னர் பணிந்தன. ரக்மானினோவ் 1943 மார்ச்சில் இறந்தபோது, அவரது கடைசி இசைத்தட்டுகளை வெளியிட்ட நாட்டில் வாத்தியக்காரர்கள் இசைத்தட்டுக்கு வாசிக்க மறுத்து நின்றனர். அவரைப் பற்றிய பாராட்டுரைகளில் இச்செய்தி இடம்பெறுவது அரிது.

இவை பழங்கதைகள் அல்ல. ரக்மானினோவுடன் பதிவு செய்த அதே பிலடெல்பியா வாத்தியக் குழுவின் நிருவாகம் 2011 ஏப்ரிலில் வங்குரோத்து நிலையை அறிவித்து நீதிமன்றத்தை நாடியது. அடுத்த ஆண்டில் அதிலிருந்து மீண்டபோது வாத்தியக்காரரின் சம்பளம் குறைந்திருந்தது. 2016 செப்டெம்பர் 30ஆந் திகதி, பருவத் தொடக்கவிழாக் கச்சேரிக்குச் சீமான்களும் சீமாட்டிகளும் வந்து கூடிய வேளையில், அக்குழுவினர் வாத்தியங்களை வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டொரு நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. 2023இல் கார்னகி மண்டபத்திலே 'ஓட்டப்பந்தயம்' என்று பேசப்பட்ட கச்சேரியில் வாசித்தவர்கள் இக்குழுவினரே. கொள்ளைநோய்க் காலத்தில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பெராவின் வாத்தியக் குழுவினர் 2020 ஏப்ரில் முதல் ஏறத்தாழ ஓராண்டு சம்பளமின்றி வீட்டில் இருத்தப்பட்டதையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி. மூன்றாவது கொன்சேர்ட்டோ 1909 நவம்பரில் நியூயோர்க்கில் அரங்கேறிற்று. 1910 ஜனவரியில் அங்கேயே மாலரின் நெறியாள்கையில் மீண்டும் வாசிக்கப்பட்டது. அந்த ஒத்திகை பற்றி ரக்மானினோவ் பின்னர் வியந்து நினைவுகூர்ந்திருக்கின்றார். குறித்த நேரம் கடந்த பின்னும் மாலர் ஒத்திகையை நிறுத்தவில்லை. எழ முயன்ற வாத்தியக்காரரை எழவும் விடவில்லை. குழுவின் பகுதியைக் குறைவற வாசிக்கும்வரை விடாது திருத்தினார். குழுவின் பகுதி வெறும் துணையன்று என்பதை மாலர் அறிந்திருந்தார். அந்த அறிவுக்குத் தலைவணங்குகின்றோம். ஆனால் அந்த மேலதிக நேரம் யாருடைய நேரம்? கலையின் மேன்மைக்காகச் செலவான அந்த மணித்தியாலங்களும் உழைப்புக் கணக்கிற் சேரவேண்டியவையே. மேதையின் பெயரை எழுதுகையில், எழ முயன்றவர்களையும் எழுதுவதே நேர்மையான வரலாறு.

இனி, எம்மவரிடம் வருவோம்.

'நிலப்பிரபுத்துவத்தின் கண்ணீர்' என்பது அவர்கள் தரும் பெயர். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ரக்மானினோவ் பிரபு குலத்தவர். மூன்றாவது கொன்சேர்ட்டோ எழுதப்பட்ட இவானொவ்கா, அவர் மனைவியின் குடும்பத்துக்குரிய பண்ணை. 1917 டிசெம்பரில் அவர் குடும்பத்துடன் ருஷியாவை விட்டு நீங்கினார்; திரும்பவில்லை. இவற்றையெல்லாம் நாம் மறைக்க விரும்பவில்லை. மறைத்துப் பெறும் மதிப்பு எமக்கு வேண்டாம்.

ஆனால் ஓர் ஆளின் பிறப்புப் பத்திரத்தை வாசித்துவிட்டு அவருடைய இசையையே வாசித்துவிட்டதாக நினைப்பது விமர்சனமாகுமா? அவ்விசைக்குள் ஒலிப்பவை எவை? அவர் சிறுவயதிற் கேட்ட ருஷியத் தேவாலய மணிகள் ஒலிக்கின்றன. பண்டைய ருஷிய வழிபாட்டுப் பாடல்களின் ஏறி இறங்கா நடை ஒலிக்கின்றது. அந்த மணிகளை வார்த்தவர் யார்? கயிறு பிடித்து அடித்தவர் யார்? கோயிலில் நின்று பாடியவர் யார்? பிரபுவின் செவியிற் புகுந்ததனாலேயே மக்கள் ஒலி பிரபுவின் ஒலியாகிவிடுமா? நிலம் உழுதவனுடையது என்று சொல்பவர்கள், மெட்டு மட்டும் எழுதிவைத்தவனுடைய குலத்துக்கே சொந்தம் என்று எப்படிச் சொல்கின்றனர்?

ஒதுக்குவோரின் துணையையும் பாருங்கள். ஜெர்மானிய இடதுசாரிச் சிந்தனையாளர் அடோர்னோ, ரக்மானினோவின் புகழ்பெற்ற சிறு பியானோப் படைப்பொன்றை எடுத்து, கற்றுக்குட்டிக்கும் தான் பேராற்றல் படைத்தவன் என்ற மயக்கத்தை விற்கும் சரக்கு என்று கண்டித்தார். மறுபுறத்தில், 1954இல் வெளிவந்த குரோவ் இசை அகராதியின் ஐந்தாம் பதிப்பு இவருடைய செல்வாக்கு நிலைக்கப்போவதில்லை என்று தீர்ப்பளித்தது. அது பிரித்தானிய மேட்டுக்குடியின் இரசனைப் பீடம். இடமிருந்து ஒரு குரலும் வலமிருந்து ஒரு குரலுமாக இரண்டும் சாதாரணச் சபையோரின் காதை நம்ப மறுத்தன. 'இத்தனை பேர் விரும்புவதனாலேயே இது மட்டமானது' என்ற எண்ணம் இரண்டிலும் இழையோடுகின்றது. மக்களின் பெயராற் பேசுவோர் மக்களின் காதை இவ்வளவு இழிவாக நினைக்கலாமா? சந்தை அந்த விருப்பத்தைச் சுரண்டுவது உண்மை. ஆனால் பசியைச் சுரண்டும் வியாபாரி இருப்பதனால் பசி பொய்யாகிவிடாது.

இத்தகைய ஒதுக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறே சான்று தருகின்றது. 1930 செப்டெம்பரில் இரவீந்திரநாத தாகூர் சோவியத் நாட்டைப் பார்வையிட்டார். எழுத்தறியாத உழவரிடையே கல்வி பரவிய விதங்கண்டு மனமுவந்து பாராட்டினார். அவருடைய பாராட்டை எதிர்த்து 1931 ஜனவரியில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதப்பட்ட கடிதத்திற் கையொப்பமிட்ட மூவருள் ரக்மானினோவ் ஒருவர். சோவியத் காவற்றுறையின் கொடுமைகளைத் தாகூர் காணாது விட்டார் என்பது குற்றச்சாட்டு. இதற்கு வந்த மறுமொழி என்ன? அதே ஆண்டு மார்ச்சில் அவருடைய 'மணிகள்' என்ற படைப்பு மொஸ்கோவில் நிகழ்த்தப்பட்டதையடுத்துக் கண்டனங்கள் கிளம்பின. மொஸ்கோ, லெனின்கிராட் இசைக் கல்லூரிகள் அவருடைய படைப்புகளையே விலக்கி வைத்தன. கடிதத்துக்குப் பதில் எழுதுவதை விடுத்து, சுரங்களுக்குத் தடை விதித்தனர்!

இங்கே ஒரு முரணை வாசகர் அறிதல் வேண்டும். தாகூர் எதையும் காணாது விட்டவரல்லர். மொஸ்கோவை விட்டுப் புறப்படுமுன் 'இஸ்வெஸ்தியா'வுக்கு அளித்த பேட்டியிலேயே, வெறுப்பை வளர்ப்பதையும் மாற்றுக் கருத்தை அடக்குவதையும் அவர் எச்சரித்திருந்தார். அப்பேட்டி அப்போது வெளியிடப்படவில்லை. 1988இலேயே அப்பத்திரிகையில் வெளிவந்தது. அது உரிய காலத்தில் அச்சாகியிருந்தால், ரக்மானினோவ் அந்தக் கடிதத்தில் தம் பெயரை எழுதியிருப்பாரா? நண்பனின் கண்டனத்தைப் பெட்டியிற் பூட்டியவர்கள், எதிரியின் கண்டனத்துக்குத் தாமே இடங்கொடுத்தனர். 1930களின் அடக்குமுறைகள் இன்று மறைக்கவொண்ணா உண்மைகள். அவற்றைச் சொல்லத் தயங்கும் முற்போக்கு, முற்போக்கின் வேடமே ஆகும்.

அந்நாட்களில் ருஷியாவில், பழைய இசை முழுவதையும் பாட்டாளி வர்க்கத்துக்கு ஒவ்வாததென்று தள்ளும் போக்குக்குத் தலைமை தாங்கிய பாட்டாளி இசைக்கலைஞர் சங்கம் 1932 ஏப்ரிலிற் கலைக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் ரக்மானினோவின் இசை அந்நாட்டு மேடைகளுக்கு மீண்டது. ஆயினும் சங்கம் கலைந்ததுடன் கட்டளையிடும் கை ஓய்ந்துவிடவில்லை. 1936இலும் 1948இலும் ஷொஸ்தகோவிச்மீது விழுந்த அடிகள் அதற்குச் சான்று. ஆனால் எம்மவர் சிலர் இன்று கையிலெடுக்கும் அளவுகோல், 1932இலேயே அதனைப் பிறப்பித்த நாட்டிற் கைவிடப்பட்டதொன்று என்பதை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். லெனினும் 1920இல் இளைஞர் கழகத்தாரிடையே உரையாற்றுகையில், மனிதகுலம் சேர்த்துவைத்த அறிவுச்செல்வம் அனைத்தையும் கற்றுத் தேறாமற் புதிய பண்பாட்டைக் கட்ட இயலாது என்பதையே வலியுறுத்தினார்.

தடைக்கு உள்ளானவர் பின்னர் என்ன செய்தார்? 1941 ஜூனில் ஹிட்லரின் படை சோவியத் நாட்டினுட் புகுந்தது. அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி ரக்மானினோவ் கார்னகி மண்டபத்தில் ஒரு கச்சேரி நிகழ்த்தி, வசூலான ஏறத்தாழ 4,000 டொலரைச் செஞ்சேனையின் மருத்துவ உதவிக்கென்று சோவியத் தூதரகப் பிரதிநிதியிடம் சேர்ப்பித்தார். தமது பண்ணையைப் பறித்த அரசின் சேனைக்கு, தமது இசையைத் தடைசெய்த நாட்டின் காயம்பட்ட சிப்பாய்களுக்கு, அந்த 'மாண்ட வர்க்கத்தின் பிரதிநிதி' அனுப்பிய பணம் அது. அதனாற் அவர் புரட்சியாளராகிவிட்டார் என்று நாம் கூறவில்லை. மனிதர் தம் வர்க்கத்தின் நிழலை விடப் பெரியவராகவும் இருக்கக்கூடும் என்றே கூறுகின்றோம்.

பின்னர் 1958. மொஸ்கோவில் நடந்த முதலாவது சாய்க்கோவ்ஸ்கிப் போட்டியில், டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்த 23 வயது அமெரிக்க இளைஞர் வான் கிளைபேர்ன் இதே மூன்றாவது கொன்சேர்ட்டோவை வாசித்தார். இரு வல்லரசுகளும் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. மொஸ்கோ மக்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். முதற்பரிசும் அவருக்கே கிடைத்தது. அந்த மண்டபத்தில் எழுந்து நின்றவர்கள் நிலப்பிரபுக்கள் அல்லர். புரட்சிக்குப் பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த நாட்டின் மக்கள். போரிலே தம்மவரை இழந்தவர்கள். அவர்களுடைய கண்ணில் நீர் வந்ததென்றால், அக்கண்ணீர் எந்த வர்க்கத்துக்குரியது?

"துயரத்திலே தோய்ந்த இசை மக்களைச் செயலற்றவராக்கும்; திரைப்படங்களைப் பாருங்கள்" என்பர். 1945இல் வெளிவந்த 'பிரீஃப் என்கௌன்ரர்' என்ற பிரித்தானியப் படம், நடுத்தர வகுப்பாரின் நிறைவேறாக் காதலுக்கு இரண்டாவது கொன்சேர்ட்டோவைப் பின்னணியாக்கியது உண்மை. அன்று தொட்டு அவ்விசையைக் காதற் கண்ணீருக்குக் கைக்குட்டையாகப் பயன்படுத்துவோர் பலர். ஆனால் துண்டு துண்டாக வெட்டி எடுத்த மெட்டு வேறு, முழுப்படைப்பு வேறு. இரண்டாவது கொன்சேர்ட்டோ துயரத்திற் தொடங்கித் துயரத்தில் முடிவதன்று. முதற் பகுதியிலேயே அந்தச் சோக மெட்டு அணிவகுப்பின் நடையாக மாறித் திரும்புகின்றது. இறுதிப் பகுதி வெற்றி முழக்கத்துடன் முடிகின்றது. விழுந்து கிடந்த மனிதர் ஒருவர், மற்றொரு மனிதரின் உதவியால் எழுந்து நடந்த கதை அது. விழுந்தவர் எழுவது என்ன பிற்போக்கு?

அங்ஙனமாயின் செய்ய வேண்டியது யாது?

நெறியாளர் துடமேல், வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இளைஞர் வாத்தியக் குழு இயக்கத்தில் வளர்ந்தவர். ஏழைக் குழந்தைகளின் கையில் வயலினையும் கிளாரினெற்றையும் கொடுத்த இயக்கம் அது. அதன்மீது குறைகளும் கூறப்பட்டுள்ளன. அரசியல் ஆட்சியாளர் அதனைத் தம் புகழுக்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஆயினும் இவ்வாத்தியங்கள் மாளிகையிற் பிறந்தவர்க்கே வசப்படும் என்ற பொய்யை அது உடைத்தெறிந்தது. துடமேல் நெறிப்படுத்திய இப்பதிவே அதற்கு ஒரு சான்று. உடையவருக்குரியது என்று சொல்லப்பட்ட இசையை, உடைமையற்றோரின் பிள்ளைகளுக்கென்று தோன்றிய இயக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர் நெறிப்படுத்துகின்றார்.

ஆகவே, கம்பனிகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்: வாசித்த ஒவ்வொருவர் பெயரும் பதிவுடன் வரட்டும், 1942இல் வாத்தியக்காரர் கேட்ட பங்கு, இணையத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு முறைக்கும் அவர்களைச் சென்றடையட்டும். எம்மவரிடமும் கேட்போம்: ஒதுக்குவதை ஆராய்ச்சி என்று கொள்ளாதீர்கள். பிறப்பைக் கொண்டு மனிதரை ஒதுக்கும் கொடுமையை எதிர்த்து நிற்கும் நாம், பிறப்பைக் கொண்டு இசையை ஒதுக்கலாமா?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று இசைத்தட்டுப் பெட்டியும் வேண்டியதில்லை. ஒரு கைத்தொலைபேசி போதும். இரண்டாவது கொன்சேர்ட்டோவின் நடுப்பகுதியை வகுப்பிலே ஒருமுறை ஒலிக்க விடுங்கள். படத்தைக் காட்டாதீர்கள், பெயர்களைச் சொல்லாதீர்கள். மாணவர்களைக் கண்மூடிக் கேட்கச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது பாடுவது யார்? தாங்குவது யார்?"

சில நிமிடங்களில் அவர்கள் கண்டுகொள்வார்கள். பாடுபவர் மாறிக்கொண்டே இருக்கின்றார். தாங்குபவரும் மாறிக்கொண்டே இருக்கின்றார். ஒருவர் முகத்துக்குப் பின்னே நூற்றுவர் உழைப்பு நிற்பதை ஒருமுறை காதாற் கேட்டவர், பின்னர் எந்த மேடையைப் பார்த்தாலும், எந்த மாளிகையைப் பார்த்தாலும், எந்தத் தேயிலைக் கோப்பையை ஏந்தினாலும், அதே கேள்வியைக் கேட்கத் தொடங்குவார். அக்கேள்வியைக் கற்றுத்தரும் இசையை எந்த வர்க்கத்துக்கும் நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை.